ஒஹாயோ ஆளுநர் தேர்தல் 2026: முதல்முறை ஓட்டுப் போடும் தமிழருக்கு முழுமையான வழிகாட்டி

"நம்ம ஆளு ஒருத்தர் அங்க கவர்னர் எலெக்‌ஷன்ல நிக்கிறாராமே? கவர்னரை டெல்லியிலேர்ந்துதானே போடுவாங்க, அதுக்கு எதுக்குடி எலெக்‌ஷன்?" என்று கும்பகோணத்திலிருந்து அம்மா கேட்டார். அவர் சொன்னது விவேக் ராமசாமியை. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத் தலைநகர் கொலம்பஸின் புறநகரில் நான் குடியேறிப் பல வருடம் ஆகிறது. சில தேர்தல்களில் வாக்குச்சாவடிப் பணியாளராகவும் உட்கார்ந்திருக்கிறேன். அம்மாவுக்குச் சொன்ன பதிலையே, போன வருடமும் அதற்கு முந்தின வருடமும் குடியுரிமை வாங்கிய நண்பர்களுக்கும் சொல்ல வேண்டியிருந்தது. அதை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

முதலில் தேதிகள். உட்கட்சித் தேர்தல், அதாவது பிரைமரி, மே 5, 2026. பொதுத் தேர்தல் நவம்பர் 3. வென்றவர் பதவியேற்பது 2027 ஜனவரி 11. இரண்டு முறை வென்ற ஆளுநர் மைக் டிவைன் தொடர்ந்து மூன்றாம் முறை நிற்க ஒஹாயோவின் அரசியல் சாசனம் இடம் தராது. நாற்காலி காலியாவது அதனால்தான்.

படி 1: எந்த நாற்காலி என்று தெரிந்துகொள்ளுங்கள்

அமெரிக்க மாநிலத்தின் ஆளுநரை நம் ஊர் ஆளுநரோடு ஒப்பிட்டால் எல்லாமே குழம்பிவிடும். அவர் முதலமைச்சரைப் போல மக்கள் ஓட்டில் வருகிறவர், நான்கு வருடம் ஆள்கிறவர். ஆனால் முழுக்க முதலமைச்சரும் இல்லை. நம் முதலமைச்சருக்குச் சட்டசபைப் பெரும்பான்மை கையில் இருக்கும், அமைச்சர்கள் அவர் தேர்ந்தெடுத்தவர்கள். ஒஹாயோ ஆளுநர் சட்டசபைக்கு வெளியே நிற்பவர். மாநிலத்தின் அட்டர்னி ஜெனரல், தணிக்கையாளர், மாநிலச் செயலர், பொருளாளர் ஆகிய நால்வரும் தனித்தனியாக மக்களால் தேர்ந்தெடுக்கப்படுகிறவர்கள். ஆளுநர் அவர்களை நீக்க முடியாது. துணை ஆளுநர் மட்டும் அவரோடு ஜோடியாக நிற்பார். ஒரே ஓட்டு இருவருக்கும் சேர்த்து.

அவர் கையில் உண்மையில் இருப்பது என்ன? இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பட்ஜெட்டை முன்வைப்பது அவர். சட்டசபை அனுப்பும் மசோதாவை வீட்டோ செய்யலாம். நிதி மசோதா என்றால் முழுவதையும் நிராகரிக்க வேண்டியதில்லை, பிடிக்காத பகுதியை மட்டும் அடித்துவிடலாம். 2025 பட்ஜெட்டில் டிவைன் இப்படி 67 இடங்களில் அடித்தார். துறை இயக்குநர்கள், பல்கலைக்கழக அறங்காவலர்கள், மின்கட்டணத்தை மேற்பார்க்கும் பொதுப் பயன்பாட்டு ஆணையத்தின் ஐந்து உறுப்பினர்கள் எல்லாரும் அவர் நியமனம். தொகுதி எல்லை வரையும் ஏழு பேர் குழுவில் அவருக்கு ஒரு இடம். மரண தண்டனையைத் தள்ளிவைக்கும் அதிகாரமும் அவருடையதே. 2018 ஜூலைக்குப் பிறகு ஒஹாயோவில் ஒரு தண்டனைகூட நிறைவேறவில்லை.

இவற்றில் மின்கட்டண ஆணைய நியமனத்தைப் பலர் கண்டுகொள்வதே இல்லை. 2019இல் அணு மின் நிலையங்களைக் காப்பாற்ற ஒரு சட்டம் வந்தது. அதற்குப் பின்னால் சுமார் 6 கோடி டாலர் லஞ்சம் இருந்தது நீதிமன்றத்தில் நிரூபணமாகி, கீழவைத் தலைவராக இருந்த லேரி ஹவுஸ்ஹோல்டருக்கு 2023இல் 20 வருடச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. டிவைன் நியமித்த ஆணையத் தலைவர் பதவி ஏற்கும் முன் அவருக்கு 43 லட்சம் டாலர் கொடுத்ததாக ஃபர்ஸ்ட் எனர்ஜி என்ற மின் நிறுவனமே ஒப்புக்கொண்டது. மாதாமாதம் வரும் கரன்ட் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தால் ஒரு நியமனத்தின் விலை புரியும்.

இன்னொரு எண்ணையும் நினைவில் வையுங்கள். ஆளுநரின் வீட்டோவை மீற ஐந்தில் மூன்று பங்கு ஓட்டுப் போதும். கீழவையில் 99க்கு 60, மேலவையில் 33க்கு 20. 2024 தேர்தலில் குடியரசுக் கட்சி 65ம் 24ம் வென்றது. டிவைன் அதே கட்சிக்காரர், அப்படியும் அவர் வீட்டோவைச் சட்டசபை பலமுறை தூக்கி எறிந்திருக்கிறது. இந்த எண் கீழே மறுபடி வரும்.

படி 2: உங்களுக்கு ஓட்டு உண்டா?

அமெரிக்கக் குடியுரிமை இருந்தால் மட்டுமே உண்டு. கிரீன் கார்டு, எச்-1பி, எச்-4 வைத்திருப்பவர்கள் தயவுசெய்து எந்தப் பதிவுப் படிவத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள். ஓட்டுநர் உரிமம் எடுக்கப் போகும்போது கவுன்டரில் "வாக்காளராகப் பதிவு செய்யவா?" என்று கேட்பார்கள். அவசரத்தில் தலையாட்டிவிட்டால், பல வருடம் கழித்துக் குடியுரிமை நேர்காணலில் அது முன்னால் வந்து நிற்கும். நாடு கடத்தும் அளவுக்குப் போகக்கூடிய தவறு இது. "இல்லை" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அச்சிட்டுத் தரும் தாளில் எந்தக் கட்டத்தில் டிக் இருக்கிறது என்று படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

குடியுரிமை வாங்கியவர்கள் தேர்தலுக்கு 30 நாள் முன்பே பதிவு செய்திருக்க வேண்டும். மே 5க்கு ஏப்ரல் 6, நவம்பர் 3க்கு அக்டோபர் 5. க்ளீவ்லேண்ட் தியாகராஜ ஆராதனைக்கு யார் யார் போவது என்று பேசிக்கொண்டிருக்கும் நாட்களில்தான் முதல் கெடு வருகிறது. ஒஹாயோ உரிமம் இருந்தால் மாநிலச் செயலரின் இணையதளத்திலேயே ஐந்து நிமிடத்தில் முடித்துவிடலாம். இல்லையென்றால் காகிதப் படிவம் நூலகத்தில் கிடைக்கும். வீடு மாறியிருந்தால் முகவரியை மாற்றுங்கள். அபார்ட்மென்டிலிருந்து சொந்த வீட்டுக்குப் போன நம்மவர்கள் அதிகம் தவறவிடுவது இதைத்தான்.

அடுத்தது அடையாள அட்டை. 2023இல் வந்த சட்டப்படி புகைப்பட அடையாள அட்டை கட்டாயம். கரன்ட் பில், வங்கிக் கணக்குத் தாள் எல்லாம் முன்பு செல்லும், இப்போது செல்லாது. காலாவதி ஆகாத ஒஹாயோ உரிமம், மாநில அடையாள அட்டை, அமெரிக்க பாஸ்போர்ட், ராணுவ அட்டை போன்றவைதான் செல்லும்.

இதில் நமக்கென்றே ஒரு குழி இருக்கிறது. அதே சட்டத்துக்குப் பிறகு, குடியுரிமை இல்லாதவர்களுக்குத் தரும் ஒஹாயோ உரிமத்தில் "நான்சிட்டிசன்" என்று அச்சிடுகிறார்கள். நீங்கள் உறுதிமொழி எடுத்துக் குடிமகனான பிறகும், போய் மாற்றாதவரை உங்கள் பர்ஸில் இருப்பது அதே பழைய அட்டைதான். நான் சாவடியில் இருந்த ஒரு நாள், சாயந்தரம் ஏழு மணி வாக்கில் ஒரு தமிழ்த் தம்பதி வந்தார்கள். பட்டியலில் இருவர் பெயரும் இருந்தது. அந்த அம்மா நீட்டிய உரிமத்தில் அந்தச் சொல். அவர் முகம் சுருங்கியது. "அக்கா, நாலு மாசம் முன்னாடியே சத்தியப்பிரமாணம் எடுத்தாச்சு, சர்டிஃபிகேட் வீட்ல இருக்கு" என்றார். நான் மேற்பார்வையாளரைக் கூப்பிட்டேன். பாஸ்போர்ட் இருந்தால் கொண்டு வாருங்கள் என்றார் அவர். கணவர் காரை எடுத்துக்கொண்டு ஓடினார். ஏழு இருபதுக்கு நீல நிற பாஸ்போர்ட்டோடு மூச்சு வாங்க வந்து நின்றார். அந்த அம்மா ஓட்டுப் போட்டு முடித்து, ஸ்டிக்கரை துப்பட்டாவில் ஒட்டிக்கொண்டபோது கதவைச் சாத்த இரண்டு நிமிடம் இருந்தது. உரிமத்தை முன்கூட்டியே மாற்றிவிடுங்கள். முடியாவிட்டால் பாஸ்போர்ட்டை எடுத்துப் போங்கள்.

படி 3: பிரைமரியில் எந்தச் சீட்டு?

ஒஹாயோவில் கட்சி உறுப்பினராகப் பதிவு செய்யும் வழக்கம் இல்லை. பிரைமரி அன்று சாவடியில் எந்தக் கட்சியின் சீட்டைக் கேட்கிறீர்களோ அதுவே உங்கள் கட்சி என்று பதிவாகும். யாருக்கு ஓட்டு என்பது ரகசியம், எந்தச் சீட்டு என்பது பொதுப் பதிவு. அடுத்த பிரைமரியில் மாற்றிக் கேட்கலாம். கட்சியே வேண்டாம் என்றால், உள்ளூர் வரித் தீர்மானங்கள் மட்டும் உள்ள சீட்டையும் கேட்கலாம். வீட்டில் 17 வயதுப் பிள்ளை இருந்து, நவம்பர் தேர்தலுக்குள் 18 நிறைகிறது என்றால், வேட்பாளர் தேர்வுக்கு மே மாதமே அந்தப் பிள்ளை ஓட்டுப் போடலாம். பள்ளியில் இதை யாரும் சொல்வதாகத் தெரியவில்லை.

படி 4: வேட்பாளர்களைப் பாருங்கள்

குடியரசுக் கட்சியில் முன்னணியில் இருப்பவர் விவேக் ராமசாமி. சின்சினாட்டியில் 1985இல் பிறந்தவர். பெற்றோர் பாலக்காட்டு வடக்கஞ்சேரியிலிருந்து வந்தவர்கள், வீட்டில் பேசுவது தமிழ். அப்பா பொறியாளர், அம்மா முதியோர் மனநல மருத்துவர். ஹார்வர்டில் உயிரியல், யேலில் சட்டம். 2014இல் ரோய்வான்ட் என்ற மருந்து நிறுவனத்தைத் தொடங்கினார். அதன் துணை நிறுவனம் பெரிதாக எதிர்பார்த்த அல்சைமர் மருந்து 2017இல் சோதனையில் தோற்றது. குழுமத்தின் வேறு சில மருந்துகள் பின்னர் அனுமதி பெற்றன. 2024 அதிபர் வேட்பாளர் போட்டியில் நின்று, ஐயோவா மாநில வாக்கெடுப்புக்குப் பிறகு விலகி டிரம்ப்பை ஆதரித்தார். ஈலான் மஸ்க்கோடு அரசுச் செலவுக் குறைப்புப் பணிக்கு அறிவிக்கப்பட்டு, டிரம்ப் பதவியேற்ற நேரத்திலேயே அதிலிருந்து விலகினார். 2025 பிப்ரவரியில் ஆளுநர் போட்டியை அறிவித்தார். டிரம்ப் ஆதரவும் மாநிலக் கட்சியின் ஆதரவும் வந்ததும் அட்டர்னி ஜெனரல் டேவ் யோஸ்ட் ஒதுங்கிக்கொண்டார். யூடியூபில் கார் வடிவமைப்பால் அறியப்பட்ட கேசி புட்ச் அவரை எதிர்க்கிறார். ராமசாமியின் துணை ஆளுநர் வேட்பாளர் மேலவைத் தலைவர் ராப் மெக்காலி.

ஜனநாயகக் கட்சியில் டாக்டர் ஏமி ஆக்டன். யங்ஸ்டவுனில் வறுமையில் வளர்ந்தவர். சிறுவயதில் ஒரு குளிர்காலத்தில் கூடாரத்தில் வசித்ததை அவரே சொல்லியிருக்கிறார். டிவைன் 2019இல் அவரை மாநில சுகாதாரத் துறை இயக்குநராக நியமித்தார். குடியரசுக் கட்சி ஆளுநர் ஒருவர் தேர்ந்தெடுத்த மருத்துவர் இன்று ஜனநாயகக் கட்சிக்காக நிற்கிறார் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கோவிட் பரவிய 2020 மார்ச்சில் வீட்டிலேயே இருக்கும்படி உத்தரவிட்ட ஆணையில் கையெழுத்து அவருடையது. மதியம் இரண்டு மணிச் செய்தியாளர் சந்திப்பில் டிவைனோடு அவர் பேசியதைக் கேட்டுத் தைரியம் பெற்றவர்கள் ஏராளம். கடையும் பள்ளியும் மூடியதால் அவர்மேல் இன்றும் கோபமாக இருப்பவர்களும் ஏராளம். அவர் வீட்டு முன் ஆயுதங்களோடு போராட்டம் நடந்தது. ஜூன் 2020இல் பதவி விலகினார். அவருடைய துணை ஆளுநர் வேட்பாளர் டேவிட் பெப்பர், ஜனநாயகக் கட்சியின் முன்னாள் மாநிலத் தலைவர்.

ஒன்றைக் கவனியுங்கள். இருவருமே இதுவரை எந்தத் தேர்தலிலும் ஜெயித்தவர்கள் இல்லை. இருவருமே அரசியலில் பழுத்த ஒருவரைத் துணைக்கு வைத்திருக்கிறார்கள். ஆகவே சீட்டில் இரண்டாவதாக உள்ள பெயரையும் இந்த முறை படிக்க வேண்டும். மெக்காலி வந்தால் சட்டசபையின் சாவி தெரிந்த ஆள் ஆளுநர் மாளிகையில் இருப்பார். பெப்பரோ, அதே சட்டசபையின் கடும் விமர்சகர்.

ஆக்டன் வென்றால் ஒஹாயோ மக்கள் தேர்ந்தெடுத்த முதல் பெண் ஆளுநர். நான்சி ஹாலிஸ்டர் 1998 கடைசி நாளிலிருந்து 11 நாள் மட்டும் இடைக்காலமாக இருந்தார். ராமசாமி வென்றால், தமிழ் பேசும் வீட்டிலிருந்து ஒரு அமெரிக்க மாநிலத்துக்கு வந்த முதல் ஆளுநர்.

படி 5: வாக்குறுதியை அதிகாரத்தோடு எடைபோடுங்கள்

நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். தமிழ் வாட்ஸ்அப் குழுக்களில் பேச்சு முழுக்க "நம்ம ஆளு" என்பதிலேயே நிற்கிறது. பெருமைப்படுவது இயல்பு, எனக்கும் இருக்கிறது. ராமசாமியின் பிறப்பையும் இந்து சமயத்தையும் வைத்து அவரை இழிவு செய்தவர்களைப் பார்த்தபோது எந்தக் கட்சி என்று பாராமல் எனக்கு வலித்தது. ஆனால் ஆளுநரின் கையெழுத்து என் பிள்ளையின் பள்ளியையும் என் மாமியாரின் மருத்துவ உதவியையும் தொடுகிறது. ஊரும் மொழியும் அந்தக் கையெழுத்தில் தெரியாது.

ராமசாமியின் பெரிய வாக்குறுதி மாநில வருமான வரியைப் பூஜ்யமாக்குவது. இப்போது 26,050 டாலருக்கு மேல் எல்லாருக்கும் ஒரே விகிதம், 2.75 சதவீதம். விற்பனை வரிக்கு அடுத்து மாநிலப் பொது நிதிக்கு வரும் பெரிய வரவு இது. மாநில பட்ஜெட்டில் துண்டு விழக் கூடாது என்பது சட்டம். ஆகவே கேள்வி எளிது: இந்தப் பணம் எங்கிருந்து வரும்? செலவைக் குறைத்தா, விற்பனை வரியைக் கூட்டியா, வளர்ச்சியிலிருந்தா? கூட்டத்தில் கைதூக்கிக் கேளுங்கள். கூடவே இன்னொன்று, மாநில வரி போனாலும் நகர வருமான வரி போகாது. கொலம்பஸில் அது 2.5 சதவீதம். உங்கள் சம்பளச் சீட்டில் இரண்டும் தனித்தனியாக இருக்கும், எடுத்துப் பாருங்கள்.

சொத்து வரி இந்தத் தேர்தலின் கொதிக்கும் விஷயம். அதை விதிப்பது மாநிலம் இல்லை. பள்ளி மாவட்டம், கவுன்டி (நம் ஊர் மாவட்டம் போல), தீயணைப்பு என்று உள்ளூர் அமைப்புகள் லெவி, அதாவது வரித் தீர்மானம், கொண்டுவந்து, பெரும்பாலும் நாம் ஓட்டுப் போட்டு ஏற்றது. என் வீட்டு பில்லில் பெரும்பங்கு பள்ளிக்கே போகிறது. பள்ளி நிதிக்குச் சொத்து வரியையே மிகையாக நம்பும் முறை சாசனத்துக்கு எதிரானது என்று ஒஹாயோ உச்ச நீதிமன்றம் 1997இலேயே சொன்னது. ஆளுநர் செய்யக்கூடியது, பள்ளிக்கு மாநிலம் தரும் பங்கைப் பட்ஜெட்டில் உயர்த்துவது. யார் வரியைக் குறைப்பேன் என்றாலும், பள்ளி மாவட்டத்துக்கு ஈடு எவ்வளவு என்ற கேள்வி கூடவே வர வேண்டும்.

ஆக்டன் விலைவாசியையும் குடும்பச் செலவையும் முன்வைக்கிறார். அவருக்கான கேள்வி அந்த 60ம் 20ம். எதிர்க்கட்சி 65 பேரோடு உட்கார்ந்திருந்தால், அவர் வீட்டோ எத்தனை நாள் நிற்கும்? அவர் திட்டத்துக்கு யார் ஓட்டுப் போடுவார்கள்? அவர் வந்தால் மறுபடி ஊரடங்கு என்று பயப்படுகிறவர்களும் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2021 மார்ச்சில் சட்டசபை டிவைனின் வீட்டோவை மீறி ஒரு சட்டம் இயற்றியது. சுகாதார ஆணைகளை ரத்து செய்ய, அவசர நிலைக்குக் கால வரம்பு போட, இப்போது சட்டசபையால் முடியும். 2020இல் நடந்ததைப் போல இனி ஒரு கையெழுத்தில் நடக்காது. கருக்கலைப்பு உரிமை 2023 நவம்பரில் மக்கள் ஓட்டில் மாநிலச் சாசனத்தில் ஏறிவிட்டது. அதை எந்த ஆளுநரும் தனியாக எடுக்க முடியாது.

விசா, கிரீன் கார்டு வரிசை ஆகியவை வாஷிங்டன் விவகாரம், ஆளுநர் கையில் இல்லை. ஆனால் ஒரு விலக்கு உண்டு. டெக்சாஸ், ஃப்ளோரிடா ஆளுநர்கள் தங்கள் மாநிலப் பல்கலைக்கழகங்கள் எச்-1பியில் ஆள் எடுப்பதைக் கட்டுப்படுத்த இறங்கினார்கள். ஒஹாயோ ஸ்டேட், சின்சினாட்டி பல்கலைக்கழகங்களில் ஆய்வு வேலையில் நம் பிள்ளைகள் நிறைய. இரு வேட்பாளரிடமும் இதை நேராகக் கேட்கலாம், கேட்க வேண்டும்.

படி 6: ஓட்டுப் போடும் வழிகள்

மூன்று வழி. பதிவுக் கெடுவுக்கு மறுநாளே முன்கூட்டிய நேரடி வாக்களிப்பு தொடங்கிவிடும். ஆனால் ஒரு கவுன்டிக்கு ஒரே இடம். ஃப்ராங்க்ளின் கவுன்டிக்காரர்கள் மோர்ஸ் சாலைக்குப் போக வேண்டும். கடைசி ஞாயிறு கூட்டம் அலைமோதும், முதல் வாரமே போய்விடுங்கள். தேர்தலுக்கு முந்தின திங்கட்கிழமை இந்த வசதி கிடையாது.

தபால் ஓட்டு என்றால் யாரும் தானாக அனுப்ப மாட்டார்கள், விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பம் தேர்தலுக்கு ஏழு நாள் முன்பே உங்கள் கவுன்டியின் தேர்தல் வாரியத்துக்குப் போய்ச் சேர வேண்டும். நிரப்பிய சீட்டு தேர்தல் நாள் இரவு 7:30க்குள் அவர்கள் கையில் இருக்க வேண்டும். தபால் முத்திரைத் தேதியை நம்பிக் கடைசி நேரத்தில் பெட்டியில் போடாதீர்கள்.

தேர்தல் நாளில் சாவடி காலை 6:30 முதல் இரவு 7:30 வரை. ஏழரைக்கு வரிசையில் நின்றுவிட்டால் போதும், ஓட்டு உண்டு. அடையாள அட்டை இல்லையென்றால் திரும்பிப் போகாதீர்கள். தற்காலிக வாக்குச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். நான்கு நாளுக்குள் வாரிய அலுவலகத்தில் அட்டையைக் காட்டினால் அது எண்ணப்படும்.

நவம்பர்ச் சீட்டு நீளமானது. ஜே.டி. வான்ஸ் துணை அதிபரானதால் காலியான அமெரிக்க நாடாளுமன்ற செனட் இடத்துக்கும் அன்றே தேர்தல். அதோடு மாநிலப் பதவிகள், நீதிபதிகள், உள்ளூர் லெவிகள். வாரியத் தளத்தில் மாதிரிச் சீட்டு கிடைக்கும். அதை அச்சடித்து, குறித்து, கையோடு எடுத்துப் போகலாம், தடையில்லை. நான் அப்படித்தான் செய்கிறேன். தாளின் பின்பக்கத்தைத் திருப்ப மறந்துவிடாதீர்கள்.

படி 7: அன்று இரவும் அதற்குப் பிறகும்

முதலில் வருவது முன்கூட்டிப் போட்ட ஓட்டுகள். அதில் ஜனநாயகக் கட்சி முந்தினால் அதுவே முடிவு என்று நினைக்க வேண்டாம், தேர்தல் நாள் ஓட்டு ஏற ஏறப் படம் மாறும். 2006இல் டெட் ஸ்ட்ரிக்லண்ட் வென்றதற்குப் பிறகு அந்தக் கட்சி இந்தப் பதவியைப் பிடிக்கவில்லை. 2018இல் டிவைன் சுமார் நான்கு சதவீத வித்தியாசத்தில்தான் ஜெயித்தார், 2022இல் 25 சதவீத வித்தியாசம். நான் பார்க்கப்போவது மூன்று இடங்கள். ஆக்டன் பிறந்த யங்ஸ்டவுன் இருக்கும் மஹோனிங் கவுன்டி, முன்பு ஜனநாயகக் கோட்டையாக இருந்து 2020இல் டிரம்ப்பிடம் போனது. ராமசாமியும் பெப்பரும் இருவருமே சின்சினாட்டிக்காரர்கள், ஆகவே ஹாமில்டன் கவுன்டி. நம்மவர்கள் நிறைய வீடு வாங்கியிருக்கும் டெலவேர் கவுன்டி.

வென்றவர் ஜனவரி 11இல் உறுதிமொழி எடுப்பார். புது ஆளுநர் முதல் பட்ஜெட்டை மார்ச் 15க்குள் தர வேண்டும். அந்த நாளை இப்போதே நாட்காட்டியில் குறித்து வையுங்கள். பட்ஜெட்மேல் சட்டசபைக் குழுக்கள் விசாரணை நடத்தும்போது யார் வேண்டுமானாலும் சாட்சியம் சொல்லலாம். விசிட்டர் விசாவில் இருக்கும் மாமனார்கூட எழுத்தில் அனுப்பலாம், குடியுரிமை கேட்பதில்லை.